மூக்கை வீட்டில் வைத்துவிட்டு வந்தவள்

4 மார்ச் 2024
ஐந்தாம் லயம்

மதிப்பிற்குரிய பக்கிரிசாமி ஐயாவுக்கு,

சசிரேகா வணக்கத்துடன் எழுதுவது. இன்று காலை என் ராஜினாமாக் கடிதத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "சொந்தக் காரணம்னு மலாய்ல போட்டிருக்க. என்னா சொந்தக் காரணம்? வாயால சொல்லாத, தமிழ்ல எழுதிக் குடு" என்றீர்கள். உங்களிடம் அரை நாள் லீவு கேட்டாலும் தாளில்தான் கேட்க வேண்டும். ஆகவே எழுதுகிறேன். ஒன்பது வருடம் உங்கள் தொழிற்சாலையில் வேலை செய்த உரிமையில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். கோபம் வந்தால் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

காரணம் நீங்கள்தான் ஐயா. இன்னும் சரியாகச் சொன்னால், உங்கள் கையில் இருக்கும் மைக்.

பொங்கல் முடிந்த புதன்கிழமை நினைவிருக்கிறதா? காலையிலேயே வாடல் அரைக்கு வந்து, டிரையரில் காயும் தேயிலைத் தூளில் கருகல் வாடை வருகிறது என்று உங்களிடம் சொன்னேன். "மீட்டர் சரியாத்தான் காட்டுது, போயி வேலையப் பாரு" என்றீர்கள். மதியம் ஒன்றரை மணிக்கு அந்தத் தூள் முழுவதும் கருகிப் போனது. வாடை பார்ப்பது என் பொறுப்பு என்று நீங்கள் மைக்கை எடுத்தீர்கள். "சசிரேகா! மூக்க வீட்டுல வச்சிட்டு வந்துட்டியா? போயி எடுத்துட்டு வா!"

மலையில் கொழுந்து பறிப்பவர்களைக் கூப்பிட மாட்டிய ஸ்பீக்கர் அது. ஐந்து லயத்து வீடுகளுக்கும் கேட்கும். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

கால் மணி நேரத்தில் என் மகள் ப்ரியா தொழிற்சாலை வாசலில் வந்து நின்றாள். ஏழு வயது. பள்ளிச் சீருடையோடு, தூறலில் நனைந்து, மேடு ஏறி ஓடி வந்திருக்கிறாள். மூடிய கையைத் திறந்து காட்டினாள். உள்ளே என் மூக்குத்தி. முகம் கழுவும்போது கழற்றி வைத்தது. அதைத்தான் நான் மறந்துவிட்டு வந்தேன், அதற்குத்தான் நீங்கள் திட்டுகிறீர்கள் என்று நினைத்துவிட்டாள். "கொண்டாந்துட்டேம்மா. இனிமே ஐயா திட்ட மாட்டாருல்ல?" என்று கேட்டாள்.

மூக்குத்தியை வாங்கிப் போட்டுக்கொண்டு அவளை வீட்டுக்கு அனுப்பினேன். டிரையர் மீட்டர்தான் கெட்டிருந்தது என்று மறுநாள் ஃபிட்டர் மகேன் கண்டுபிடித்தார். அது உங்களுக்கும் தெரியும். ஆனால் ப்ரியாவுக்குத் தெரியாது. பள்ளியில் அவளை இன்னும் "மூக்கு மறந்தவ மவ" என்றுதான் கூப்பிடுகிறார்கள். இதுதான் என் சொந்தக் காரணம்.

பணிவுடன்,
சசிரேகா

---

6 மார்ச் 2024
தொழிற்சாலை

சசிரேகாவுக்கு,

கடிதம் படித்தேன். ஒரு பிழை, சிவப்பில் சுழித்திருக்கிறேன். வாடல் அரை இல்லை, வாடல் அறை. அரை என்றால் பாதி. பாதி வாடலில் இலையை எடுத்தால் தூள் என்ன கதியாகும் என்று உனக்கே தெரியும்.

நான் எல்லோரையும்தான் திட்டுகிறேன். இங்கேயே கொழுந்து பறிக்கும் என் மச்சான் காளியண்ணனை இதே மைக்கில் திட்டியதால், அவன் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கே வரவில்லை. ஆள் பார்த்துத் திட்டும் வழக்கம் என்னிடம் கிடையாது. ரோலர் சத்தத்தில் மைக் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது.

குழந்தை வந்தது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் உள்ளே கூப்பிட்டிருப்பேன். வருத்தப்படுகிறேன். அதற்கு அத்தாட்சியாக இந்தத் தாளை வைத்துக்கொள்.

போகாதே என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. போகாதே.

பக்கிரிசாமி

---

9 மார்ச் 2024
ஐந்தாம் லயம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். வாடல் அறை, வாடல் அறை, வாடல் அறை. மூன்று முறை எழுதிவிட்டேன், போதுமா?

உங்கள் கடைசி இரண்டு வரியைப் படித்து அழுதேன் என்பதை மறைக்கவில்லை. என் வீட்டுக்காரர் குகனேஸ்வரன் லோரி கவிழ்ந்து கால் முறிந்து தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தாரே, அப்போது நான் கேட்காமலே என்னைக் காலை ஷிப்டுக்கு மாற்றினீர்கள். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு, "ஆளு பத்தல, அதான்" என்று எரிந்து விழுந்தீர்கள். ஆள் பத்தாமல் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல நினைக்கிறேன் ஐயா. நல்லதை யாருக்கும் தெரியாமல் செய்கிறீர்கள். திட்டுவதை மட்டும் மலைக்கே கேட்கும்படி செய்கிறீர்கள். உங்களைப் பற்றி வெளியில் தெரிந்தது அந்தப் பாதி மட்டும்தான். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு உங்கள் மச்சான் வராமல் போனதும் அதனால்தானே?

ஈப்போவில் தேயிலை பேக்கிங் கம்பெனியில் வேலை உறுதியாகிவிட்டது. அதை மாற்ற முடியாது. ஆனால் மைக்கில் திட்டிவிட்டுத் தாளில் வருத்தப்பட்டால், அதைப் படிப்பவள் நான் ஒருத்திதான். போவதற்குள் ஒரே ஒரு முறை, என் மூக்கு சரியாகத்தான் இருந்தது என்று அந்த மைக்கிலேயே சொல்லுங்கள். எனக்காக இல்லை. ப்ரியா மதியம் ஒன்றரைக்கு வீட்டில் இருப்பாள்.

அன்புடன்,
சசிரேகா

---

14 மார்ச் 2024
தொழிற்சாலை

சசிரேகாவுக்கு,

முடியாது.

முப்பத்தொரு வருடம் இந்தத் தொழிற்சாலையை நடத்தியவன். மைக்கில் மன்னிப்புக் கேட்டால் நாளைக்கு எவன் பயப்படுவான்? டிரையர் ஓட்டும் முனியாண்டி அங்கேயே பாய் விரித்துப் படுத்துவிடுவான்.

புதிய இடத்தில் காட்ட நற்சான்றிதழ் இணைத்திருக்கிறேன். நான் யாருக்கும் எழுதித் தந்ததில்லை.

காளியண்ணன் பேச்சை எடுத்திருக்க வேண்டாம்.

பக்கிரிசாமி

---

12 ஏப்ரல் 2024
ஈப்போ

அன்புள்ள ஐயாவுக்கு,

நலம். நீங்களும் உங்கள் வீட்டு அம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே ஒரே புழுக்கம். ப்ரியா ஃபேனுக்கு அடியை விட்டு நகர மாட்டேன் என்கிறாள்.

என் கடைசி நாளில் நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள். சரி, இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு லயத்துக்கு இறங்கி வந்தேன். சாமான் ஏற்ற லோரி நின்றது. அப்போதுதான் ஸ்பீக்கர் கரகரத்தது. பழக்க தோஷம், எல்லோரும் விறைத்து நின்றார்கள்.

"பொங்க முடிஞ்ச புதன்கெழம டிரையர் மீட்டர் கெட்டிருந்துச்சு. சசிரேகா காலையிலயே சொன்னுச்சு. நாந்தான் கேக்கல. மூக்கு அதுகிட்டதான் இருந்துச்சு. எங்கிட்டதான் இல்ல. அவ்வளவுதான்லா, எல்லாரும் வேலையப் பாருங்க."

முழுதும் கேட்டேன் ஐயா. உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மகேன் சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் மைக்கை அணைக்கவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் அவரிடம் மெதுவாகச் சொன்னதும் ஐந்து லயத்துக்கும் கேட்டது. "நல்ல புள்ளடா மகேன். போவுதேடா. இனிமே தப்புன்னு எங்கிட்ட எவன்டா வந்து சொல்லுவான்?" லோரியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டு மணியம்மா அக்கா, "இந்த மனுசனுக்கு இப்படியும் பேச வருமா?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். உங்கள் மச்சான் காளியண்ணன் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு மேலே தொழிற்சாலைப் பக்கம் நடந்து போனதையும் பார்த்தேன். அவர் வந்து சேர்ந்தாரா என்று எழுதுங்கள்.

நற்சான்றிதழில் ஒரு பிழை இருக்கிறது. "தேயிலையின் மனம் அறிந்தவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். மணம் என்று இருக்க வேண்டும். சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தேன். பிறகு திருத்தாமலே இங்கே கம்பெனியில் கொடுத்துவிட்டேன்.

ப்ரியா அன்றிலிருந்து ஒன்றையே கேட்கிறாள். பஸ்ஸிலும் கேட்டாள், நேற்றுச் சாப்பிடும்போதும் கேட்டாள். அதற்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.

"ஐயா மூக்கு அவரு வீட்டுலதாம்மா இருக்கும். யாராச்சும் ஓடிப் போயி எடுத்துக் குடுத்தாங்களா?"

என்றும் அன்புடன்,
சசிரேகா