முட்டுகளைக் கழற்றும் முறை

என் மகளின் தாயாருக்கு,

நலம். நீயும், மாதம் நிறைந்திருக்கும் நம் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வழக்கமாக எழுதும் விளிச்சொல்லை இன்று எழுத மனம் ஒப்பவில்லை. பொய்யாக எழுதுவதைவிட எழுதாமல் விடுவது மரியாதை என்று கருதினேன்.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்பாய். தொலைபேசியில் நீ நான் சொல்வதைக் கேட்பதில்லை. என் குரலைக் கேட்கிறாய். எவ்வளவு வேகமாகப் பேசுகிறேன், எங்கே மூச்சு வாங்குகிறேன் என்று அளந்துவிட்டு, "தூக்கமெல்லாம் எப்படி?" என்று முடிப்பாய். கடிதத்தில் எனக்குக் குரல் இல்லை. என்ன சொல்கிறேன் என்பதை மட்டுமே நீ பார்க்க வேண்டியிருக்கும்.

மகளின் பிரசவத்துக்காக நீ புறப்பட்ட மறுவாரம் என் சட்டையில் ஒரு பொத்தான் அறுந்தது. உன் தையல் பெட்டியைத் திறந்தேன். நூல்கண்டுகளுக்கு அடியில், ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய மாத்திரை அட்டைகள் இருந்தன. மனச்சோர்வு மருந்தைப் படிப்படியாக நிறுத்துவதற்காக டாக்டர் அம்மா எழுதிக் கொடுத்த, அளவு குறைந்த மாத்திரைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

விரிசலைக் கண்டால் காரணம் தெரியும்வரை உட்காராத பிழைப்பு என்னுடையது. நாளுக்கு ஓர் அறையாக நீ நிரப்பி வைத்துவிட்டுப் போன மாத்திரைப் பெட்டிகளை மேசையில் கொட்டினேன். பழைய முழு அளவு மாத்திரையும் குறைந்த அளவு மாத்திரையும் ஒரே வெள்ளை, ஒரே வட்டம். பழையதன் நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான் வித்தியாசம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். எல்லாவற்றிலும் கோடு இருந்தது.

ஆக, இந்தக் கோடை முழுவதும் நான் ஒரு துளிகூடக் குறைக்கவில்லை. குறைத்ததாக நானும் நம்பினேன், டாக்டரும் நம்பினார். உண்மை தெரிந்த ஒரே ஆள், தினமும் காலையில் தண்ணீர் டம்ளரை நீட்டியபடி, "இன்னைக்குத் தலைசுத்தல் பரவாயில்லையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படிக் கேட்பதற்கு எத்தகைய நெஞ்சழுத்தம் வேண்டும் என்று இன்னமும் வியக்கிறேன்.

அந்தத் தலைசுற்றலை நான் உண்மையாகவே அனுபவித்தேன் என்பதுதான் வேடிக்கை. டாக்டரிடம் விவரித்தேன்; அவர் குறித்துக்கொண்டார். கான்கிரீட் இறுகும் முன்பே தளத்தைத் தாங்கும் முட்டுகளைக் கழற்றப் பார்த்த மேஸ்திரியை, ஆட்கள் முன்னால் கிழித்துத் தொங்கவிட்டேன். மறுநாள் காலை தனியே அழைத்து, மருந்து குறைப்பதால் நிதானம் தவறிவிட்டது என்று மன்னிப்பு வேறு கேட்டேன். "திட்டினது நியாயம்தான் சார், மன்னிப்புதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் அவர். ஐம்பதைக் கடந்த ஒருவன் தன் சொந்தக் கோபத்துக்குச் சொந்தம் கொண்டாட முடியாமல், இல்லாத காரணத்தைச் சொல்லி ஊரெல்லாம் குனிந்து நின்றிருக்கிறான். உண்மை தெரிந்தும் நீ பார்த்துக்கொண்டிருந்தாய்.

மருந்தைக் குறைக்க ஏன் தொடங்கினேன் என்பது உனக்குத் தெரியும். மகளின் திருமணத்தன்று நீங்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, நான் மண்டபத்து உத்தரத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பேரக்குழந்தையைக் கையில் வாங்கும்போதாவது ஏதேனும் தோன்ற வேண்டும் என்று உன்னிடம் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் படம் போட்டும் விளக்கினேன்: முட்டுகளை ஒரே நாளில் உருவமாட்டோம், ஒன்றைக் கழற்றி, தளத்தை அண்ணாந்து பார்த்து, தாங்குகிறது என்று தெரிந்த பிறகே அடுத்ததைத் தொடுவோம் என்று. நீ தலையாட்டினாய். பிறகு ஒரு முட்டைக்கூடத் தொடாமல், கழற்றியாகிவிட்டது என்றாய். தளம் நிற்கிறதே என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

கோபத்தில் எழுதக்கூடாது, ஆறட்டும் என்று காத்திருந்தேன். ஆறவில்லை, இறுகிவிட்டது. இத்தனை நாளும் தொலைபேசியில் உன்னோடு வானிலை பேசினேன். "மாத்திரை போட்டீங்களா?" என்றபோதெல்லாம், போட்டேன் என்றேன். நடிப்பை யாரிடம் கற்றேன் என்று சொல்லத் தேவையில்லை.

டாக்டர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இம்முறை சொட்டு மருந்தாக, இன்னும் சிறிய படிகளாக இறங்குகிறோம். முதல் படி இறங்கியாகிவிட்டது. உண்மையானது எப்படியிருக்கும் என்று இப்போது தெரிகிறது. தலையைத் திருப்பினால் பார்வை ஒரு கணம் தாமதித்துப் பின்னால் வருகிறது. மண்டைக்குள் பொறி தட்டி அணைகிறது. காரணமே இல்லாமல் நெஞ்சு படபடத்து எழுந்து உட்காருகிறேன். கற்பனையில் நான் பட்டது இதற்குக் கால்தூசி பெறாது. சில நாட்கள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கழிகின்றன, மறைக்கப்போவதில்லை.

தனியாக இருக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதால், கீழ்வீட்டுக்காரர் மாலைதோறும் சதுரங்கப் பலகையோடு வருகிறார். ஓய்வு பெற்ற வங்கி மேலாளருக்குத் தோற்பது பிடிக்கவில்லை. "மருந்தைக் குறைச்சது நீங்க, தலை சுத்துறது எனக்கு" என்கிறார்.

நேற்றுப் பேருந்தில் ஒரு குழந்தை தன் செருப்பைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு, மிகுந்த திருப்தியோடு எங்களைத் திரும்பிப் பார்த்தது. தாய் நடத்துநரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண்ணில் நீர் வந்தது. சிரிப்பா, அழுகையா, தெரியவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டது.

இனி, எழுதத் தயங்கிய பகுதி.

டாக்டர் அம்மா என்னிடம் ஒன்று கேட்டார்: "உங்க மனைவி எதைப் பார்த்துப் பயந்தாங்க?" பயந்த சுபாவம் என்றேன். "பயந்த சுபாவக்காரங்க டாக்டரை ஏமாத்த மாட்டாங்க சார். எதையோ பார்த்திருக்காங்க" என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. வீட்டுக்கு வந்தால் குழாயில் தண்ணீர் வரவில்லை. தொட்டியைப் பார்க்கலாம் என்று மொட்டைமாடிச் சாவியைத் தேடினேன். ஆணி மட்டும் இருந்தது. கீழ்வீட்டுக்காரரைக் கேட்டேன். "அது எப்பவுமே மேடம் கைப்பையிலதானே இருக்கும்? வருஷக்கணக்கா நான் அவங்ககிட்டதான் வாங்குறேன், உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

எனக்குத் தெரியாது. கடல் தாண்டிப் போகும்போதுகூட அதை நீ ஆணியில் மாட்டிவிட்டுப் போகவில்லை.

மருந்து தொடங்குவதற்குச் சற்று முன்பு, ஒரு மாலை, தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான் மேலே போனேன். கொஞ்ச நேரத்தில் நீ இடுப்பில் துணிக்கூடையோடு வந்தாய். துணி காயப்போட வந்தேன் என்றாய். தொட்டி சரியாகத்தான் இருக்கிறது என்றேன். சேர்ந்து இறங்கினோம். அதன்பின் அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை. அந்தக் கூடையில் துணி இல்லை. அதை நான் அன்றே பார்த்தேன். தொட்டியின் மூடி திறக்கப்படவில்லை என்பதை நீயும் பார்த்திருப்பாய். அதற்குப் பிறகு நம் வீட்டுத் துணிகள் சமையலறைப் பால்கனியில்தான் காய்கின்றன. வெயில் போதவில்லை என்று நான் குறைகூடச் சொல்லியிருக்கிறேன்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. நீ பயந்ததற்காக எனக்குக் கோபமில்லை. அந்தப் பயத்தை வாய்விட்டு என்னிடம் சொல்லாமல், தினமும் காலையில் மாத்திரையாகக் கொடுத்தாயே, அதற்காகத்தான் கோபம். அது அப்படியே இருக்கிறது. நீ வந்த பிறகு நேருக்கு நேர் சண்டை போட வேண்டும். என் கோபத்துக்கு நீ பதில் சொல்ல வேண்டும், "தூக்கம் எப்படி?" என்று கேட்கக்கூடாது.

கடிதத்தைப் படித்த கையோடு பயணச்சீட்டை மாற்றி ஓடி வராதே. மகள் சுகமாகப் பெற்றுப் பிழைக்கட்டும். தாயும் சேயும் நூறாண்டு நன்றாக இருக்கட்டும். குழந்தையை முதலில் தூக்கும்போது என் சார்பிலும் தூக்கு. அடுத்த முறை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

சாவியைத் தபாலில் அனுப்ப வேண்டாம். மாற்றுச் சாவியும் செய்யமாட்டேன். குழாய்க்காரனைக் கீழ்வீட்டுக்காரர் பக்கத்துக் கட்டடத்து மாடி வழியாக ஏற்றிவிட்டார், தண்ணீர் வருகிறது. வரும்போது அதை நீயே உன் கையில் கொண்டு வா. ஒரு மாலை, இருவருமாக மேலே போவோம். இம்முறை கூடையில் ஈரத்துணி இருக்கட்டும்.

இப்படிக்கு,
கோபம் தணியாமல், நீ வரும்வரை இங்கேயே இருக்கும்
உன் இன்ஜினியர் சார்