தோட்டப் பீரியட்

செவ்வாய்க் குடியிருப்பு மூன்று. பள்ளிப் பதிவேடு.
எழுதுபவர்: ஞானசௌந்தரி, கணக்கு ஆசிரியை.

நாள் 611, காலை 8:10
வருகை ஏழுக்கு ஏழு. காற்றழுத்தம் சரி. இன்றும் தோட்டப் பீரியடை நானே எடுத்துக்கொள்வதாக இருந்தேன். கணக்குப் போர்ஷன் அப்படியே கிடக்கிறது. ஆனால் பூமியிலிருந்து ‘இயற்கைவழிக் கற்றல்’ என்று போட்டோ கேட்டிருக்கிறார்கள். ஒன்று எடுத்து அனுப்பிவிட்டால் தொல்லை விட்டது.

10:20
வெள்ளைச் சீருடையில் ஏழு பேரையும் தோட்டக் கூடத்தில் வரிசையாக உட்கார வைத்தேன். எதையும் தொடக் கூடாது என்று மூன்று முறை சொன்னேன். கேமரா எடுக்க நடைபாதைக்கு வந்திருக்கிறேன்.

10:31
விண்கல் சிதறல். கூடத்தில் அழுத்தம் இறங்கியதும் இடைக்கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. பிள்ளைகள் உள்ளே, நான் வெளியே. அவர்களுக்கு முப்பது நிமிடக் காற்று இருக்கிறது. தோட்டக்காரர் சவரிமுத்துவும் மற்றவர்களும் சுரங்கத்தில். வந்து சேர ஐம்பது நிமிடம்.
பயப்பட ஒன்றுமில்லை. கூடத்தில் ஒட்டுத் தகடு இருக்கிறது. ஓட்டையில் வைத்து அழுத்தினால் போதும். ஏழு பேருக்கும் பயிற்சி கொடுத்திருக்கிறேன்.

10:39
கூடத்து மைக் வழியாக அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது. நான் பேசுவது உள்ளே போகவில்லை.
வகுப்புத் தலைவி அமுதினி: “மிஸ், ஓட்டை தெரிஞ்சிடுச்சு மிஸ். பூசணிக் கொடிக்குப் பின்னாடி உஸ்ஸுன்னு சத்தம் வருது. கொடிய விலக்கலாமா மிஸ்?”
விலக்கு, விலக்கு என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

10:44
இர்ஃபான்: “கொடியப் பிச்சா செத்துடுமா?”
அமுதினி: “தெரியல, பாடத்துல வரல. மிஸ் தொடக் கூடாதுன்னாங்க. அவங்க சொல்லட்டும், இருங்க.”
ஒளிச்சேர்க்கையில் ஏழு பேரும் நூற்றுக்கு நூறு.
போன வருடம் சவரிமுத்து கெஞ்சினார். “வாரத்துல ஒரு மணி நேரம் விடுங்க டீச்சர். மண்ணுல கை வெச்சு, கிள்ளி, பறிச்சுப் பழகட்டும்.” மார்க் நீங்கள் வாங்கித் தருவீர்களா என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன். எழுபத்திரண்டு தோட்டப் பீரியடுகளைப் பிடுங்கிக்கொண்டேன். நாலு வாரம் அங்கே போயிருந்தால், இந்நேரம் கொடியைப் பிய்த்து எறிந்திருப்பார்கள். என் தப்பு. முழுக்க என் தப்பு.

10:50
கதவை ஸ்பானரால் இடித்தேன். உள்ளே கேட்டுவிட்டது.
இர்ஃபான்: “மிஸ் தட்டறாங்க!”
அமுதினி: “சத்தம் போடுறோம்னு கோவமா இருக்காங்க. எல்லாரும் உக்காருங்க. வாய் மேல விரல்.”
வகுப்பில் நான் மேசையைத் தட்டினால் அதுதான் அர்த்தம். இடிப்பதை நிறுத்திவிட்டேன்.

10:55
ஒருவரும் பேசவில்லை. காற்று போகும் சத்தம் மட்டும் கேட்கிறது. எத்தனை நல்ல பிள்ளைகள் என்று எல்லோரிடமும் பெருமையடித்திருக்கிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. இதைப் படிப்பவர்களே, அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. சொன்னதைத்தான் செய்தார்கள்.

10:59
சின்னவள் ரோஸ்லின் அழுகிறாள். “மூச்சு முட்டுது. நான் கொடியப் பிக்கப் போறேன்.”
அமுதினி: “வேணாம்டி, மிஸ் திட்டுவாங்க.”
பிய், ரோஸ்லின். யார் சொன்னாலும் கேட்காதே. என் பேச்சைக் கேட்காதே கண்ணு. கேட்காதே.