அரைவால் கங்காணி

ஏப்ரல் 9

குயில் தொடங்கிவிட்டது. சித்திரை வருஷப் பிறப்புக்கு இவர்தான் நேரம் குறித்துக் கொடுத்தவர் போல விடியற்காலையிலிருந்து ஒரே கத்தல். வேலியோரத்து முள்முருங்கையில் ஓர் இலைகூட இல்லை, பூ மட்டும் சிவப்பாக நிற்கிறது. மத்தியானம் வரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. அதன் பிறகு ஹந்தானை மலைப் பக்கம் இடி.

என் வீட்டுக்காரர் சுதேஷ் போனைப் பார்த்து, "இன்னைக்கு மழை இல்ல" என்றார். உடனே போய்க் கொடியிலிருந்த துணியை எடுத்து உள்ளே போட்டேன். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இவருடைய வாக்கு எனக்கு இப்படித்தான் பயன்படுகிறது. மூன்று மணிக்குப் பெய்தது.

பட்டர்புரூட் மரத்தில் முதல் தடவையாகப் பிஞ்சு பிடித்திருக்கிறது. இத்தனை வருஷமும் உரத்தைத் தின்றுவிட்டு நிழல் மட்டும் தந்த மரம்.

ஏப்ரல் 21

பிஞ்சு பிடித்த செய்தி எப்படித்தான் போகிறதோ, குரங்குகள் வந்துவிட்டன. தலைவருக்கு வால் பாதிதான். காலையில் கூரை முகட்டில் ஏறி உட்கார்ந்து, தேயிலைத் தோட்டத்துக் காலைப் பெரட்டுக்கு ஆள் நிறுத்துகிற மாதிரி மற்றதுகளை நிறுத்தி, ஒன்றை மரத்துக்கு, ஒன்றைக் குசினி யன்னலுக்கு, ஒன்றைப் பக்கத்து வீட்டு முஹைதீன் நானாவின் றம்புட்டானுக்கு என்று அனுப்புகிறார். தான் ஒரு வேலையும் செய்வதில்லை. முதல் பங்கு மட்டும் வாங்கிக்கொள்கிறார்.

ஹுன்னஸ்கிரியவில், லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள் நான். கங்காணியைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா? அந்தப் பெயரையே வைத்துவிட்டேன்.

மே 30

மழை பிடித்துவிட்டது. கீரைப் பாத்திக்குப் போய்த் திரும்பினால் கணுக்காலில் அட்டை. தைத்துக்கொண்டிருக்கும் சட்டைத் துணிகூட ஈரம் குடித்து நிற்கிறது.

ஹுன்னஸ்கிரியவிலேயே இருந்துவிட்ட தங்கச்சி இரத்தினம்மாவுக்குப் போன் எடுத்தேன். "இங்க சொட்டு இல்லக்கா. காத்துதான். கூரைத் தகரத்தைப் புடிச்சுக்கிட்டுத் தூங்குறோம்" என்றாள். பஸ் ஏறினால் அரைப் பகல் பயணம்கூட இல்லை, அதற்குள் வேறொரு காலம். சுதேஷின் போனுக்கு இதெல்லாம் எங்கே விளங்கப் போகிறது.

அவள் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்திவிட்டாள். முழங்கால் போய்விட்டது. மலை ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். லயத்துக்குப் பின்னால் உள்ள துண்டு நிலத்தைக் கொத்திப் போஞ்சிக்காய்க் கொடி போட்டு விற்கப் போகிறாளாம். "இது புடிச்சா பொழைச்சேன். இல்லாட்டித் திரும்பக் கூடையைத்தான் தூக்கணும்."

என் பழைய அலுமாரியை முஹைதீன் நானாவின் மஞ்சள் வேனில் போட்டு அவளுக்கு அனுப்பினேன். விதை வைக்கவாவது உதவும்.

ஜூன் 18

நாலு நாளாக வெயிலைக் காணோம். செருப்பில் பூஞ்சணம். போன் "ஓரளவு முகில்" என்கிறது.

ஜூலை 12

பட்டர்புரூட் காய் முற்றிவிட்டது. கங்காணியின் ஆட்கள் ஒவ்வொன்றாகப் பறித்து, ஒரு கடி கடித்து, பிடிக்கவில்லை என்று என் தலைக்கு நேரே எறிகிறார்கள். முழுசாகத் தின்றாலாவது மனசு ஆறும்.

முஹைதீன் நானா வந்தார். டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர், இரும்பு மலிவு. "தங்கச்சி, இதுக்கொரு முடிவு கட்டோணும். கூடு ஒன்டு செஞ்சீக்கி. புடிச்சித் தூரமாக் கொண்டு போய் விடுவம். தோதான காடு எங்கயாச்சும் ஈக்கா?"

"ஹுன்னஸ்கிரியவுக்குக் கொண்டு போங்க நானா. தேயிலை முடியிற இடத்துல வேனை நிப்பாட்டினாப் போதும். அதுக்கு மேல முழுக்கக் காடு, மனுஷ வாடையே இல்ல" என்றேன். காட்டுக்கு உறுதிப்பத்திரம் என் பெயரில் இருக்கிற மாதிரி சொன்னேன்.

சட்டப்படி இதற்கு அனுமதி வேண்டுமாம். சுதேஷ் சொன்னார். மழை இல்லை என்று சொன்ன அதே வாய்.

ஆகஸ்ட் 3

பிடிபட்டார்கள். கோழிக்கூட்டு வாழைப்பழத்துக்கு ஒவ்வொன்றாக உள்ளே போக, கடைசியில் கங்காணியும் போனார். ஆட்கள் தனக்கு இல்லாமல் தின்பதைப் பொறுக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். வேன் புறப்படும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். கையை ஆட்டி அனுப்பினேன்.

பிறகு ஒரு பட்டர்புரூட்டை வெட்டி, சீனி போட்டு, கரண்டியால் முழுவதையும் நானே தின்றேன்.

ஆகஸ்ட் 19

பெரஹரா ஊர்வலத்துக்கு வழக்கம்போல மழை. பழம் பழுத்துத் தானாக விழுகிறது. தின்று மாளவில்லை.

அக்டோபர் 7

ஆறுமணிக்குருவி வந்துவிட்டது. இந்தியாவிலிருந்து வருகிறதாம், விசா இல்லை, வரிசை இல்லை. கொய்யாவுக்குக் கீழே சருகைக் கிளறிக்கொண்டு சொந்தக் காணி மாதிரி நடக்கிறது. பின்னேரம் ஆனால் ஒரு தூறல், ஓர் இடி.

இரத்தினம்மா போன் எடுத்தாள். போஞ்சி கொடி கம்பில் ஏறிப் பூத்துவிட்டதாம். அவள் இப்படிச் சிரித்துக் கேட்டுப் பல வருஷம்.

நவம்பர் 17

போயிற்று. எல்லாம் போயிற்று.

இரத்தினம்மா போன் எடுத்தாள். போஞ்சி காய் இறங்கும் நேரம் பார்த்துக் குரங்குக் கூட்டம். கொடியைப் பிடுங்கி, கம்பைச் சாய்த்து, பிஞ்சைச் சப்பித் துப்பிவிட்டுப் போயிருக்கின்றன. "முன்னாடியெல்லாம் இங்க இப்படி வராதுக்கா. இதுக மனுஷனுக்குப் பயப்புடாததுக. கதவைத் தட்டாத கொறதான். அரை வாலோட ஒருத்தரு, பாறையில குந்திக்கிட்டு மத்ததுகளை வேலை வாங்குறாரு."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"யாரோ டவுன்காரங்க வேன்ல கொண்டாந்து விட்டுட்டுப் போயிருக்காங்க. லயத்துப் பிள்ளைங்க பாத்திருக்குதுங்க. அவங்க தோட்டம்தான் தோட்டம், நாங்க வச்சது குப்பை. வெக்கங்கெட்டவங்க, இல்லக்கா?"

"ஆமா, வெக்கங்கெட்டவங்க" என்றேன்.

நவம்பர் 18

சொல்லியிருக்கலாமே? என்னத்தைச் சொல்றது? ஒன் மூத்த அக்காதான் எடத்தைக் காட்டிக் குடுத்தான்னா? காடுன்னு நெனச்சேன்னா? அங்கேயே பொறந்து வளந்தவளுக்கு அது காடாம். டவுனுக்கு வந்து நாலு செவருக்குள்ள குந்தினதும் மலையில மனுஷங்க இருக்கிறது மறந்து போச்சு. தூ.

டிசம்பர் 9

இரத்தினம்மா மறுபடி கொழுந்துக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். அங்கே இப்போது அடைமழை. அந்த முழங்காலோடு, அந்தச் சறுக்கலில்.

இங்கே புதுக் குரங்குக் கூட்டம் ஒன்று வந்திருக்கிறது. இடம் காலி என்று யாரோ சொல்லியிருப்பார்கள். முஹைதீன் நானா, "கூட்டைத் தூசி தட்டட்டா தங்கச்சி?" என்று கேட்டார். இனி அந்தக் கூட்டில் என்னைத்தான் போட வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

ஜனவரி 14

தைப்பொங்கல். பனி விலக எட்டு மணியாகிவிட்டது. இரத்தினம்மா வந்தாள். படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறினாள். 

பொங்கிச் சாப்பிட்ட பிறகு முன்விறாந்தையில் கதிரை போட்டுக் கொடுத்தேன். பக்கத்து முற்றத்தில் மஞ்சள் வேன். அதற்கு அருகில் கூடு. நான் வாயைத் திறக்கப் போனேன்.

"விடுக்கா. அந்த வேன்லதானே எனக்கு அலுமாரி வந்துச்சு" என்றாள்.

"அப்பவே தெரியுமா?"

"மஞ்ச வேன்னு பிள்ளைங்க சொன்னதுமே தெரியும். அதுக்குத்தானே போன்ல திட்டினேன். நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான்." தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்தாள். "போஞ்சி போனது போகட்டும். நீயும் கூடச் சேர்ந்து திட்டினே பாரு, அதுதான்க்கா தாங்கல."

வருஷம் முழுக்க எல்லாரையும் கிண்டல் பண்ணி எழுதியவள் நான். அழுதேன். அவள் கப்பைக் கழுவி வைத்தாள்.

பஸ்ஸுக்குப் போகும்போது, "நான் வந்து காவல் இருக்கிறேன், மறுபடி போடு" என்றேன்.

"நீயா?" என்றாள்.

ஜனவரி 20

சீருடைத் தையல் எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்து மெஷினை மூடிவிட்டேன். சுதேஷ் சமைக்கப் பழகட்டும். போனில் அதற்கும் ஏதாவது இருக்கும்.

மார்ச் 9, ஹுன்னஸ்கிரிய

மழை விட்டுக் காற்று தொடங்குகிறது. பட்டர்புரூட் பூத்துக் குலுங்குவதாகவும், புதுக் குரங்குகள் அதைத் தின்பதாகவும் சுதேஷ் போனில் சொன்னார். தின்னட்டும்.

இங்கே முதல் போஞ்சி. இரத்தினம்மா இன்று கொழுந்துக்குப் போட்டுப் போகிற செருப்பைப் போடவில்லை. பலகையில் உட்கார்ந்தபடி, கைக்கு எட்டியதை ஆய்ந்து மடியில் போடுகிறாள். நாளைக்கும் கொழுந்துக்குப் போகப் போவதில்லையாம். 

எனக்குக் குரங்கு விரட்டத் தகரம் அடிக்கிற வேலை. விடியும் முன்னமே நிற்க வேண்டும். கங்காணி எனக்கும் முன்னால் வந்து, பாறையில் அரை வாலைத் தொங்கப் போட்டுக் குந்தியிருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரிகிறது. நான் தகரத்தை ஓங்கி அடித்தேன். கொட்டாவி விட்டார்.

"சும்மா நிக்காதக்கா. கடைசி வரிசைக்குப் போ" என்றாள் இரத்தினம்மா.

கங்காணி பார்த்துக்கொண்டிருந்தார். போனேன்.