பங்கு கேட்டுப் போன தலைவருக்கு

தலைவரே,

இன்று காலை அஞ்சலை வங்கிக்கு வந்திருந்தாள். கைரேகைக் கருவியில் ஐந்து முறை விரலை வைத்துப் பார்த்தாள். உப்பு வாரி வாரித் தேய்ந்த விரலைக் கருவி ஏற்கவில்லை. உங்கள் காலத்தில் அவளுக்கு முகமே போதும். "ஆதார் சென்டர்ல ரேகைய புதுசா எடுத்துட்டு வாம்மா" என்று அனுப்பிவிட்டேன். வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள்.

"அவரு ரூம்ல இப்ப நீங்க இருக்கீங்களா சார்?"

ஊர்க்காரர்கள் பங்கு போட்டு உண்டாக்கிய கூட்டுறவு வங்கி நம்முடையது. நீங்கள் தலைவர், நான் மேலாளர். உப்பளக் குத்தகைக்காரர்களுக்கு நாம் கொடுத்த கடனில் பாதியை, அடுத்தடுத்து வந்த இரண்டு பெருமழைகள் கரைத்துவிட்டன. அந்த நேரத்தில்தான் புது விதி வந்தது. கொடுத்த கடனுக்கு ஈடாக வங்கியின் சொந்த மூலதனம் முன்பைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். பெரிய வங்கிகள் பங்குச்சந்தையில் திரட்டிக்கொள்ளும். நமக்கு உப்பளத்து ஜனங்களை விட்டால் யார்?

"ஜனங்க பங்கு வாங்குனா தேறிடுமாப்பா?" என்று கேட்டீர்கள்.

"தேறிடும் தலைவரே" என்றேன்.

தேறாது. முந்தின வாரமே கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். ஊரே தாலியைக் கழற்றிக் கொடுத்தாலும் பாதிகூட எட்டாது. ஆனால் நம்மை இணைத்துக்கொள்ளவிருந்த வங்கியின் அதிகாரி என்னிடம் தனியாகப் பேசியிருந்தார். "இணைப்பு முடியுற வரைக்கும் ஜனங்க டெபாசிட்ட எடுக்க ஓடாம பாத்துக்குங்க. அப்புறமும் இந்த பிராஞ்சுக்கு மேனேஜர் நீங்கதான்." நீங்களே வீடுவீடாகப் பங்கு கேட்டு வரும்போது, வங்கி மூழ்கப்போகிறது என்று யார் நினைப்பார்கள்?

நீங்கள் உச்சி வெயிலில் பாத்தி வரப்புகளில் நடந்தீர்கள். அஞ்சலை மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததைக் கொடுத்தாள். பிறகு இணைப்பு உத்தரவு வந்தது. டெபாசிட்டுகள் பிழைத்தன. பங்குகளுக்கு ஒன்றும் கிடையாது என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள்.

அஞ்சலை உங்கள் வீட்டு வாசலில் நின்று கத்தவில்லை. "பேங்க நம்பி போடல. உன்ன நம்பித்தான் போட்டேன்" என்று மட்டும் சொன்னாள். மறுநாளிலிருந்து டீக்கடையில் உங்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை. நிலத்தை விற்று வரிசையாக ஒவ்வொருவருக்கும் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தீர்கள். அஞ்சலையின் முறை வருவதற்குள் பக்கவாதம் வந்துவிட்டது.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் கோணிய வாயால் கேட்டீர்கள்.

"கணக்கு... தப்பாப் போச்சாப்பா?"

"ஆமா தலைவரே. தப்பாப் போட்டுட்டேன்."

அசைந்த ஒரு கையால் என் கையைத் தட்டிக் கொடுத்தீர்கள். "வுடுப்பா. மனுஷன்தான."

மூன்றாம் நாள் போய்விட்டீர்கள். தப்புக்காக நீங்கள் தந்த மன்னிப்பு அது. அதை வைத்துக்கொண்டுதான் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது, தலைவரே.