ஆட்டோவில் வந்த உங்கள் குரல்

அண்ணை,

இன்று காலை பருத்தித்துறை மீன் சந்தைக்கு முன்னால் ஓர் ஆட்டோ வந்து நின்றது. கூரையில் குழாய் ஸ்பீக்கர், முன்கண்ணாடியில் வேட்பாளரின் படம். ஸ்பீக்கரில் உங்கள் குரல். செத்து மூன்று மாதமான நீங்கள் அந்த ஆளுக்கு வாக்குக் கேட்டுப் பாடிக்கொண்டிருந்தீர்கள்.

மீன் பையோடு ஓடிப்போய் ஆட்டோவை மறித்தேன்.

"உதை நிப்பாட்டுங்கோ! அவர் உப்பிடிப் பாடமாட்டார். எங்கை களவெடுத்தனீங்கள்?"

"தம்பி, நான் ஆட்டோ ஓட வந்தனான். சண்டையெண்டால் கட்சிக் கந்தோரிலை போய்ப் பிடியும்" என்றார் ஓட்டுநர்.

நீங்கள் பாடமாட்டீர்கள் என்று அவ்வளவு உறுதியாகத்தான் சொன்னேன். உங்களை நம்பித்தானே படிப்பைப் பாதியில் விட்டு, உங்கள் இசைக்குழுவுக்குச் சவுண்ட் போட வந்தேன்? மைக் கிடைத்த எல்லாரும் எங்களுக்கு ஏதாவது கட்டளையிட்டார்கள். நீங்கள் மட்டும்தான் பாடினீர்கள். சண்டைக் காலத்தில் இரண்டு பக்கமும் தங்களுக்காகப் பாடச்சொல்லி உங்களைக் கேட்டார்களாம். "ரெண்டு பேரிட்டையும் எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு எண்டிட்டன். வருசக்கணக்காக் கட்டின தொண்டையடா அது" என்று சிரிப்பீர்கள்.

அளவெட்டித் திருவிழாவில் ஓர் அரசியல்வாதி பாட்டுக்கு நடுவில் உங்களுக்குப் போர்த்தப் பொன்னாடையோடு மேடையேறினார். நீங்கள் மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கி, சனத்தோடு மண்ணில் குந்தினீர்கள். "நீர் பாடும் தம்பி, நாங்கள் கேக்கிறம்" என்றீர்கள். கோயில் வீதியே சிரித்தது. அடுத்த கிழமை அவருடைய ஆட்கள் வந்து என் ஸ்பீக்கர்களை அடித்து நொறுக்கினார்கள். சத்தியமாக, அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதே ஆள்தான் இன்று அந்த ஆட்டோக் கண்ணாடியில் சிரிக்கிறார்.

"வடிவாக் கேளும்" என்று ஓட்டுநர் மறுபடி போட்டார். கேட்டேன். சரணத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். தாளத்துக்கு உங்கள் மோதிரம் மைக்கில் படுகிற சத்தம். அதைக் கழற்றச் சொல்லி உங்களோடு எத்தனை தரம் சண்டை பிடித்திருப்பேன்! அந்த ஆளின் பெயர் வரும் இடத்திலும் தாளம் தப்பாமல் தட்டியிருந்தீர்கள்.

நேரே கொழும்புத்துறைக்குப் போய் எங்கள் கீபோட்காரரைப் பிடித்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணையின்ரை மகனுக்கு வேலை எடுத்துத் தாறம் எண்டவை. ஒரு பின்னேரம் போய்ப் பாடிப்போட்டு வந்திட்டார். உனக்கு மட்டும் சொல்லவேண்டாம் எண்டவர்."

மகனுக்காகப் பாடினீர்கள், சரி. எனக்கு ஏன் சொல்லவில்லை? கத்தியிருப்பேன். இரண்டு நாள் உங்களோடு கதைக்காமல் இருந்திருப்பேன். பிறகு நானே வந்து மைக் வைத்திருப்பேன். நீங்களோ எவனோ ஒருவனின் மைக்கில் பாடிவிட்டு, மறுநாள் என் வீட்டுக்கு வந்து, ஒன்றும் நடக்காதது போலத் தேத்தண்ணி குடித்தீர்கள்.

பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"டேய், நீதானே அவரோடை திரிஞ்சனி. அது அவரின்ரை குரல்தானோ?"

"இல்லை. கொம்பியூட்டரிலை செய்தது. இப்ப ஆரின்ரை குரலையும் செய்யலாம்."

"அதுதானே! அவர் உதுக்குப் போற ஆளே?" என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

நாளைக்கும் கேட்பார்கள். நாளைக்கும் இதைத்தான் சொல்வேன். உங்களை நம்ப இனி என்னால் முடியாது, அண்ணை. அவர்களாவது நம்பட்டும்.