நீ விமானம் ஏறுமுன்

பினாங்கு
11 ஜூன் 2025

அன்புள்ள சாந்தினிக்கு,

அண்ணி குமுதா எழுதுகிறேன். பாப்பாவுக்குச் சளி என்று போன வாரம் சொன்னாய். இப்போது தேவலையா? ஆக்லாந்தில் குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக் கூட்டிப் போ.

தினமும் வாட்ஸ்அப்பில் பேசுகிறோம், இப்போது என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். அதனால் இதைத் தாளில் எழுதி, படம் எடுத்து அனுப்புகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கூப்பிடு.

உன் அம்மா நன்றாக இருக்கிறார். முட்டிவலிதான் பாடாய்ப்படுத்துகிறது. பக்கத்து வீட்டாரிடம் இன்னமும் மகனுக்கு மஞ்சள் காமாலை என்றே சொல்லிவருகிறார். முப்பத்திரண்டு வயதில் குடியால் கல்லீரல் கெட்டுவிட்டது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை.

உன் அண்ணனுக்கு வயிற்றில் நீர் சேர்வது நிற்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து, ஆறு லிட்டர் எடுக்கிறார்கள். கையும் காலும் குச்சியாகிவிட்டன. வீட்டில் எல்லோருக்கும் உப்பில்லாச் சமையல்தான். மூளை குழம்பாமல் இருக்க ஒரு பாகு மருந்து கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் ஒருநாள் அது தவறிப்போனது. டிவி ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டு, "சாந்தினி, பாப்பா தூங்கிட்டாளா?" என்று உன்னிடம் பேசிக்கொண்டிருந்தார். ரிமோட்டை வாங்கி வைத்துவிட்டு மருந்தைப் புகட்டினேன்.

சாந்தினி, இரண்டு வருஷத்துக்கு முன் தைப்பூசத்துக்கு வந்திருந்தபோது நீ என்னிடம் ஒன்று கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? "அண்ணன் கண்ணு ஏன் அண்ணி மஞ்சளா இருக்கு?" என்றாய். நான், "நைட் ஷிஃப்ட் லா, தூக்கம் பத்தல" என்றேன். எனக்குக் காரணம் தெரியும். காலையில் பல் துலக்குமுன் அவருக்கு ஒரு டின் பியர் வேண்டியிருந்த காலம் அது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்ஸை அவர் தவறவிட்ட நாட்களில் சூப்பர்வைசருக்குக் காய்ச்சல் என்று போன் போட்டதும் நான்தான். மலிவுச் சாராயமான சம்சுவைக் குடித்து வெளியே எங்காவது விழுவதைவிட வீட்டில் பியர் குடிக்கட்டும் என்று வேலை முடிந்து வரும்போது நானே வாங்கி வந்திருக்கிறேன். அது நல்லது என்றே நம்பினேன். அன்றைக்கு உன்னிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் நீ சும்மா விட்டிருக்க மாட்டாய்.

டிசம்பரில் அவர் வேலையிடத்தில் ரத்தம் கக்கி விழுந்தார். பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஆறு மாதம் ஒரு சொட்டும் தொடாமல் இருந்தால்தான் கல்லீரல் மாற்று அறுவை என்றார்கள். ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டு முடிக்குமுன் நீ முன்வந்தாய். மார்ச்சில் பாப்பாவை விட்டுவிட்டு வந்து ஒரு வாரம் எல்லாச் சோதனையும் செய்துகொண்டாய். அவரும் ஐந்து மாதம் சுத்தமாக இருந்தார். அது பொய்யில்லை, நான் கூடவே இருந்து பார்த்தேன்.

மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, அவரோடு வேலை பார்த்த சுகுமாரன் தன் குழந்தைக்குப் பெயர் வைத்தார். எனக்குச் சேலைக்கடையில் விடுப்பு கிடைக்கவில்லை. முந்தின நாள்தான் நீர் எடுத்திருந்ததால் உன் அண்ணன் கொஞ்சம் தெம்பாக இருந்தார். விருந்துக்குத் தனியாகப் போய்விட்டு, சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக குவீன் ஸ்திரீட் கடைக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார். பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியதும் காற்றோடு சேர்ந்து அந்த வாடை என் முகத்தில் அடித்தது. பத்து வருஷமாகத் தெரிந்த வாடை. விழுந்துவிடுவாரோ என்று வீடு வரை இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ரெண்டே டின்தான் குமுதா. எல்லாரும் என்னைச் சாகப் போறவன் மாதிரி பாத்தாங்க" என்றார். பிறகு சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். உன்னிடம் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சரி என்றேன்.

அந்த மாதக் கடைசியில் தாதி மஹ்பூபா கோலாலம்பூர் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டாள். மார்ச்சில் உன்னோடு எல்லா ஸ்கேனுக்கும் கூட வந்தாளே, அந்தப் பெண்தான். "வீட்டுல இருக்கிறவங்க சொல்றதுதான் எங்களுக்கு முக்கியம் அக்கா. அண்ணே குடிச்சாரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் நம்பினாள். அடுத்த நாளே அறுவைக்கு ஜூலையில் தேதி கொடுத்தார்கள், நீயும் ஜூலை இரண்டுக்கு டிக்கெட் எடுத்தாய். பாப்பாவுக்குத் தாய்ப்பால் நிறுத்திவிட்டேன் அண்ணி, நான்கு நாளாக அழுகிறாள் என்று நீ சொன்னபோது போனை அப்படியே கீழே வைத்துவிட்டேன். லைன் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். லைன் போகவில்லை.

திங்கட்கிழமை கடையின் பின்பக்கம் சேலைப் பெட்டிகளுக்கு நடுவே நின்று மஹ்பூபாவுக்கு நானே போன் செய்தேன். நான் பொய் சொன்னேன் என்று சொன்னேன். அவள் திட்டவில்லை. "இப்பவாச்சும் சொன்னீங்களே அக்கா" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் டாக்டர் பேசினார். ஜூலைத் தேதி ரத்தாகிவிட்டது. கதவை அடைக்கவில்லை என்கிறார். ஆலோசனைக்குப் போக வேண்டும், அடிக்கடி ரத்தம் சோதிப்பார்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி கூடிப் பேசுவார்கள். அதுவரை உடம்பு தாங்குமா என்று கேட்டேன். தாங்கலாம், தாங்காமலும் போகலாம் என்று மறைக்காமல் சொன்னார்.

உன் அண்ணனிடம் சொன்னபோது, "என்னைக் கொன்னுட்டியே" என்றார். நேற்று இரவு முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்று காலை தானாக வந்து சமையலறையில் உட்கார்ந்தார். உப்பில்லாத இட்லியில் ஒன்றைச் சாப்பிட்டார். "அவ உடம்புல கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி அவளுக்குத் தெரியணும். நான் சொன்னா அழுதுருவேன், நீயே எழுது" என்றார். ஆகவே இது அவருக்குத் தெரிந்தே எழுதும் கடிதம்.

கொன்னுட்டியே என்று அவர் சொன்னது ஒரு விதத்தில் சரிதான். இந்த மூன்று மாதத்தில் அவருக்கு ஏதாவது ஆனால் என் வாயால்தான் ஆனது என்று உன் அம்மா நினைப்பார். நானும் நினைப்பேன். ஆனால் நீ மயக்கத்தில் படுத்திருக்க, வெளியே நான் அந்தப் பொய்யோடு உட்கார்ந்திருந்தால், அதற்குப் பிறகு பாப்பா முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஒன்று சொல்ல வேண்டும். மார்ச்சில் நீ சம்மதித்தது ஐந்து மாதம் மட்டும் குடிக்காமல் இருக்கப்போகும் அண்ணனுக்காக அல்ல, திருந்திவிட்ட அண்ணனுக்காக. அந்த உறுதியை என்னால் இப்போது தர முடியாது. கொடுப்பவர் மனம் மாறினால் மருத்துவமனை யாரிடமும் காரணம் சொல்லாதாம். பொருந்தவில்லை என்று மட்டும் சொல்வார்களாம். மஹ்பூபா சொன்னாள். எத்தனை நாள் வேண்டுமானாலும் யோசி. உன் வீட்டுக்காரரிடமும் இதைப் படிக்கக் கொடு. பொருந்தவில்லை என்று எங்களுக்கு ஒரு செய்தி வந்தால், நான் ஏன் என்று கேட்க மாட்டேன். உன் அண்ணனையும் கேட்க விடமாட்டேன். உன் அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

நீ நோய் நொடியில்லாமல், உடம்பில் ஒரு கீறலும் படாமல், உன் மகள் வளர்ந்து படித்துக் கல்யாணம் ஆகும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும். இதை மனதாரத்தான் சொல்கிறேன், தங்கம். என்னை நம்பு. இந்த ஒரு தடவையாவது நம்பு.

என்றும் உன்,
குமுதா அண்ணி