பக்கத்தில் இருந்த இன்னொரு கட்டி

காஞ்சிபுரம்,
ஆகஸ்ட் 3.

அன்புள்ள தம்பி ஜான்சனுக்கு,

அண்ணி சங்கீதா எழுதுவது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லியே தொடங்குகிறேன். போகப் போகக் கோபத்தில் மறந்துவிடுவேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ கட் பண்ணிவிடுவாய். அதனால்தான் லீவு முடிந்து நீ இருக்கும் மஸ்கட்டுக்குத் திரும்பும் வீரபத்திரன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன்னை யார் டாக்டராக்கியது? வருகிற பதினெட்டாம் தேதி சென்னையில் உன் அண்ணனுக்கு ஆபரேஷன். பைகூட எடுத்து வைத்தாயிற்று. முந்தாநாள் நீ போன் பண்ணி, கத்தி பட்டால் கட்டி உடம்பெல்லாம் பரவிவிடும், மாத்திரையே போதும் என்று சொல்லிவிட்டாய். அவ்வளவுதான், மனிதர் பையைப் பிரித்து லுங்கியை எடுத்துக் கட்டிக்கொண்டார். "எத்தினி ஆட்டை அறுத்திருப்பேன், கத்தி என்னா பண்ணும்னு எனக்குத் தெரியாதா? தம்பி சொல்றதுதான் சரி" என்கிறார். பதினாறு வருஷம் கூடவே இருக்கும் என் பேச்சு எடுபடவில்லை.

மாத்திரையின் லட்சணத்தைக் கேள். எட்டு மாதத்துக்கு முன் வலது விலாவுக்குக் கீழே வலி என்று போனபோது இங்கே ஒரு டாக்டர் ஸ்கேன் பார்த்தார். ஈரலில் நீர்க்கட்டி, நாயிடமிருந்து வரும் புழுவால் உண்டானது என்றார். அது உண்மைதான். ஆனால் பக்கத்தில் இன்னொரு கட்டி இருந்தது. அதையும் இதன் குட்டி என்று சொல்லிப் புழு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். பட்டுக்கடையில் லீவு சொல்லிவிட்டு மூன்று முறை கூட்டிப் போனேன். இளைத்துப் போகிறாரே, சோறு இறங்கவில்லையே என்றேன். மூன்று முறையும் அதே பழைய ஸ்கேனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மாத்திரை வேலை செய்கிறதும்மா என்று அனுப்பிவிட்டார்.

சென்னையில்தான் புது ஸ்கேனும் ரத்தமும் பார்த்துச் சொன்னார்கள். அந்தப் பக்கத்துக் கட்டி புற்றுநோய். ஒன்று மற்றொன்றாக மாறவில்லை, இரண்டும் ஒரே ஈரலில் அக்கம்பக்கமாக இருக்கின்றன என்று டாக்டரம்மா பேப்பரில் வரைந்து காட்டினார். இன்னும் ஈரலைத் தாண்டவில்லை, இரண்டையும் சேர்த்தே எடுத்துவிடலாம், தள்ளிப்போட்டால் பிறகு கை வைக்க முடியாமல் போகலாம் என்றார்.

ஊர் வாய் வேறு. ஈரல் என்றதும் குடியா என்கிறார்கள். சபையில் ஒரு அம்மா அவரை முழங்கால் போட்டு மனம் திரும்பச் சொன்னாள். ஒரு சொட்டு தொடாத மனுஷன், தலையைக் குனிந்துகொண்டு ஆமென் என்றார். என் செருப்பு வெளியே கிடந்ததால் அவள் தப்பித்தாள்.

உன் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. உங்கள் அப்பா, மாமா, ஆபரேஷன் முடிந்து ஆறாம் நாள் போய்விட்டார். ஆனால் அவர் ஒரு வருஷம் வலியை மறைத்தவர். வயிற்றைத் திறந்தபோதே எல்லாம் பரவிக் கிடந்தது என்று உனக்கு யாரும் சொல்லவில்லையா?

இன்னொன்று. நாய் என்ற பேச்சு வந்ததிலிருந்து நீ என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. நம் கறிக்கடையில் ஆட்டு ஈரலை நறுக்கும்போது நீர்க்கொப்புளம் இருந்தால், அந்தத் துண்டை விற்காமல் பின்வாசலில் நம் நாய் கருப்பிக்கு எறிவீர்களே, அதில்தான் புழு நாய்க்குப் போகுமாம். நாயிடமிருந்து நமக்கு வருமாம். கருப்பியைக் கொண்டுவந்து வளர்த்தது நீதான். இருக்கட்டும். கெட்டதை விற்கக் கூடாது என்றுதானே எறிந்தீர்கள்? நமக்கு யார் சொன்னார்கள்? நாய்க்காக உன்மேல் எனக்குக் கோபமே இல்லை. நீ பண்ணின போனுக்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஒரு மணிக்கு அவர் சாப்பிட உட்காருவார். அப்போது கூப்பிடு. விளக்கம் எதுவும் வேண்டாம். அண்ணா, ஆபரேஷனுக்குப் போ என்று மட்டும் சொல். நீ சொன்னால் பையை மறுபடியும் எடுத்து வைப்பார்.

அந்தக் கடையில் அதே ஈரலைப் பத்து வருஷம் நறுக்கியவன் நீ. கருப்பியை மடியில் போட்டுக் கொஞ்சினதும் நீதான், அவர் இல்லை. அங்கேயே வயிற்றை ஸ்கேன் எடு. நீர்க்கட்டி மட்டும்தான் என்று சொன்னால், பக்கத்தில் வேறென்ன இருக்கிறது என்று கேள். பதில் வாங்காமல் எழுந்து வராதே, தம்பி. கர்த்தர் உங்கள் இரண்டு பேரையும் முழுசாக வைத்திருக்கட்டும்.

கோபம் ஆறாத உன் அண்ணி,
சங்கீதா